தோளில் இறுகிய முடிச்சு

“நாரி பிடிச்சுப் போட்டுது.” “கழுத்துத் திருப்பேலாமல் கிடக்கு.” “முதுகுக்குள்ளை ஆணி அடிச்ச மாதிரி.” “உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி உளையுது.” உடலின் நோவைச் சொல்ல எமது பெண்களிடம் இத்தனை வார்த்தைகள் இருக்கின்றன. மனம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் “என்னத்தைச் சொல்ல” என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஆகவே இம்மாதம் அவர்கள் சொல்லுகின்ற இடத்திலிருந்தே தொடங்குகிறேன். கழுத்திலும் தோளிலும் நாரியிலும் இறுகிக் கிடக்கும் தசைகளைப் பற்றியே இந்தப் பத்தி.

வீடுகளுக்குச் செல்லும்போது அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. “தங்கச்சி, கிளினிக்குக்குப் போனனான். படம் எடுத்துப் பாத்திட்டு ஒண்டுமில்லை எண்டு அனுப்பிப்போட்டினம். அப்ப நான் பொய்யே சொல்லுறன்?” அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வைத்தியரும் பொய் சொல்லவில்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும். தசை இறுகியிருப்பது தெரியாது. ‘ஒன்றுமில்லை’ என்றால் எலும்பில் பெரிய பழுது ஒன்றும் இல்லை என்பதே பொருள். அதை விளக்கிச் சொல்ல நேரமில்லாத கூட்டத்தில், அந்தப் பெண் கேட்டுக்கொண்டு வருவதோ வேறு செய்தி: உனக்கு நோவில்லை, நீ நடிக்கிறாய் என்பது. வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். பிறகு அவள் சொல்வதையே விட்டுவிடுகிறாள். பனடோல் மட்டும் தொடர்கிறது.

இந்த நோ உண்மையானது. நீங்களே தொட்டுப் பார்க்கலாம். வலது கையால் இடது தோளின் மேற்புறத்தை, கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவிலுள்ள தசையை, பெருவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடித்து மெதுவாக உருட்டிப் பாருங்கள். சிலருக்குக் கயிறு போல ஒரு நார் விரலில் தட்டுப்படும். அந்தக் கயிற்றின் ஓரிடத்தில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி. அதை அழுத்தினால் “ஐயோ” என்று வரும். அதுதான் முடிச்சு. தசைநாரின் ஒரு சிறு பகுதி சுருங்கிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. சுருங்கிய தசை தனக்குள்ளே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கிறது. இரத்தம் குறைய நோவைத் தரும் கழிவுகள் அங்கே தேங்குகின்றன. நோவினால் தசை இன்னும் இறுகுகிறது. இந்தச் சக்கரம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. சக்கரத்தை எப்படித் தளர்த்தலாம் என்பதில் அவ்வளவு விவாதம் இல்லை.

இன்னொரு விடயம் தெரிந்திருப்பது நல்லது. முடிச்சு இருக்கும் இடம் ஒன்று, நோகும் இடம் வேறொன்றாக இருக்கலாம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு வைத்தியராக இருந்த ஜனற் ட்ரவெல் என்ற பெண்மணி தமது வாழ்நாளில் பெரும்பகுதியை இந்த முடிச்சுகளுக்கே செலவிட்டவர். எந்தத் தசையின் முடிச்சு எங்கே நோவை அனுப்புகிறது என்று படம் படமாக வரைந்து, டேவிட் சைமன்ஸ் என்ற வைத்தியருடன் சேர்ந்து 1983 இல் நூலாக வெளியிட்டார். தோளின் மேற்புறத்து முடிச்சு நெற்றிப் பொட்டில் தலையிடியாக வரும். தோட்பட்டை எலும்பின் மேலுள்ள முடிச்சு முன்தோளிலும் கையிலும் நோகும். இருப்புப் பகுதியில் உள்ள முடிச்சு காலில் இறங்கும். இரவில் பல்லைக் கடிக்கும் பெண்ணுக்குத் தாடைத் தசை இறுகி, பழுதில்லாத பல் வலிக்கும். தலைக்குத் தைலம் பூசிப் பூசிக் களைத்தவர்கள் ஒருமுறை தோளையும் பிடரியையும் தடவிப் பார்க்கட்டும்.

முடிச்சு எங்கிருந்து வருகிறது? முதலாவது காரணம் வேலை. வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கும் பெண்ணின் நாரி மணிக்கணக்காக வளைந்தே இருக்கிறது. தையல் மெசினில் இருப்பவளின் தோள் இரண்டும் காதை நோக்கி உயர்ந்தே இருக்கும். கிணற்றில் அள்ளிய தண்ணீரை ஒரே பக்க இடுப்பில் சுமப்பவள், பனையோலைப் பெட்டி இழைக்கக் குனிந்திருப்பவள், விடியப்புறம் 3 மணிக்கு எழும்பி இடியப்ப உரலை அமத்திக் கடைக்குக் கொடுப்பவள், எல்லோருக்கும் அவரவர் தொழிலுக்கேற்ற இடத்தில் ஒரு முடிச்சு இருக்கும். ஆண் துணையில்லாத குடும்பங்களில் மண்வெட்டியும் கோடரியும் கூட அவள் கையில்தான்.

இரண்டாவது காரணத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அது பயம். ஒரு பெரிய சத்தம் கேட்டவுடன் உடம்பு என்ன செய்கிறது என்று கவனித்திருப்பீர்கள். தோள் உயரும், கழுத்து உள்ளே இழுபடும், வயிறு இறுகும், மூச்சு நிற்கும். ஆமை தலையை இழுப்பது போலத்தான். அது உடம்பு தன்னைக் காக்கும் வழி, தப்பில்லை. சத்தம் ஓய்ந்ததும் தளர வேண்டிய தசைகள், சத்தம் ஓயாத இடத்தில் தளர்வதில்லை. பதுங்குகுழிக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்த இரவுகள், 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுப் பிள்ளைகளையும் மூட்டைகளையும் சுமந்து தென்மராட்சிக்கு நடந்த நடை, 2009 இன் முதல் மாதங்கள் வன்னியில், பிறகு செட்டிகுளம் முகாம்களில். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் பட்டாசு வெடித்தால் தோள் தானாக உயர்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சத்தமே இல்லாமலும் உயரும். கடன்காரரின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றாலும், காணாமற்போன மகனைப் பற்றி ஒரு கடிதம் வந்தாலும் உயரும்.

பயந்தவரின் மூச்சு நெஞ்சின் மேற்பகுதியிலேயே நின்றுவிடும். அப்படி மூச்சு விடும்போது வயிற்றின் வேலையைக் கழுத்துத் தசைகள் செய்யவேண்டி வருகிறது. ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து, இருபது தடவை, நாள் முழுக்க. அந்தக் கழுத்து நோகாமல் என்ன செய்யும்?

யாழ்ப்பாணத்தில் இதை முதலில் கவனித்து எழுதியவர்களுள் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முக்கியமானவர். யுத்த காலத்தில் பல வருடங்கள் இங்கே பணியாற்றியவர். எமது மக்கள் மனதின் பாரத்தை உடம்பின் நோவாகவே வைத்தியரிடம் கொண்டுவருகிறார்கள் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அத்துடன் நிற்கவில்லை. மாத்திரையும் உளநல வைத்தியரும் போதாத ஊரில் மக்களிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தேடினார். சைவர்களுக்கு மூச்சோடு சேர்த்துச் சொல்லும் மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், எல்லோருக்கும் பொதுவாக யோகாசனமும் எண்ணெய் முழுக்கும். இவற்றையே தளர்வுப் பயிற்சிகளாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்கள் ஊர்ப் பணியாளர்களுக்கு இவற்றைப் பழக்கின. என்னைப் போன்றவர்கள் இன்று கிராமங்களில் சொல்லிக்கொடுப்பது அந்த வழியில் வந்ததே.

அவற்றோடு பழக்கப்படும் இன்னொரு பயிற்சி அமெரிக்க வைத்தியர் எட்மண்ட் ஜேக்கப்சனுடையது. அவரது நூல் 1929 இல் வெளிவந்தது. அவர் கண்டது மிக எளிய விடயம். இறுகியிருக்கும் தசையைப் பார்த்துத் “தளர்ந்துபோ” என்றால் அது கேட்காது. அது இறுகியிருப்பதே அதற்குத் தெரியாது. முதலில் வேண்டுமென்றே இன்னும் இறுக்க வேண்டும், பிறகு விட வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போது உடம்புக்கு விளங்கும்.

இப்படிச் செய்யுங்கள். கதிரையில் சாய்ந்து இருங்கள், அல்லது பாயில் படுங்கள். இரண்டு கையையும் முட்டியாகப் பொத்தி 5 வரை எண்ணும் மட்டும் இறுக்குங்கள். சட்டென்று விடுங்கள். 20 வரை எண்ணுங்கள்; கை கனத்து, சூடாகி வருவதைக் கவனியுங்கள். அடுத்து தோள் இரண்டையும் காதுவரை உயர்த்தி இறுக்கி, விடுங்கள். பிறகு முகத்தைச் சுழித்து, பல்லை மெதுவாகக் கடித்து, விடுங்கள். வயிறு, தொடை, கெண்டைக்கால் என்று இறங்கி வாருங்கள். ஏற்கெனவே பிடித்திருக்கும் இடத்தை மெல்ல இறுக்கினால் போதும். விடும்போது மூச்சையும் நீளமாக விடுங்கள். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிட வேலை. முதல் நாளில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். இரண்டு வாரம் தொடர்ந்து செய்தவர்கள்தான் வித்தியாசம் சொல்கிறார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பயிற்சிப் புத்தகங்களில் ‘கண்ணை மூடிக்கொள்ளுங்கள்’ என்று இருக்கும. எம்மில் பலருக்குக் கண்ணை மூடினால் அமைதி வருவதில்லை, வேறு காட்சிகளே வருகின்றன. அப்படியானவர்கள் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள். சுவரில் ஒரு புள்ளியையோ முற்றத்து வேம்பையோ பாருங்கள். கதவு தெரியும் இடத்தில் இருங்கள். படம் ஓடத் தொடங்கினால் நிறுத்திவிட்டு எழும்பிக் காலைத் தரையில் ஊன்றி, முகத்தைக் கழுவுங்கள். பயிற்சி தோற்றுப்போனதாக நினைக்க வேண்டாம், அன்றைக்கு அவ்வளவுதான்.

முடிச்சை நேரே தளர்த்துவதற்கு விரலே போதும். முன்பு சொன்னபடி அதைக் கண்டுபிடித்து, விரல் நுனியால் அசையாமல் அழுத்துங்கள். நோக வேண்டும், ஆனால் தாங்கக்கூடிய நோவாக இருக்க வேண்டும். பல்லைக் கடிக்க வைக்கும் நோவென்றால் அழுத்தம் கூடிவிட்டது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை வைத்திருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக நோ குறைந்து விரல் உள்ளே அமிழ்வது தெரியும். பிறகு தலையை மறுபக்கம் மெதுவாகச் சாய்த்து அந்தத் தசையை இழுத்து விடுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை, சிறிது நேரம் செய்தால் போதும். ‘நல்லாய் நொந்தால்தான் சுகம் வரும்’ என்று முழங்கையை வைத்து ஏறி நசிப்பவர்கள் உண்டு. அடுத்த நாள் கண்டலும் வீக்கமும்தான் மிச்சம்.

முதுகுக்குக் கை எட்டாது. பிள்ளைகளின் ரெனிஸ் பந்தை ஒரு நீளமான காலுறைக்குள் போட்டு, காலுறையின் மறுநுனியைத் தோளுக்கு மேலாகப் பிடித்துக்கொண்டு, சுவருக்கும் முதுகுக்கும் இடையில் பந்தை வைத்துச் சாயுங்கள். முழங்காலைச் சிறிது மடக்கி நிமிர்த்தினால் பந்து மேலும் கீழும் உருளும். நோகும் இடம் வந்ததும் நில்லுங்கள். பந்து இல்லையென்றால் பழந்துணியை இறுக்கச் சுற்றிக் கட்டிய உருண்டை போதும். முள்ளந்தண்டின் மேல் வைக்கக் கூடாது; அதன் இரு பக்கங்களிலும் உள்ள தசையில்தான்.

அழுத்துவதற்கு முன் சூடு கொடுத்தால் தசை இளகும். ஒத்தணம் எங்களுக்குப் புதிதல்ல. கல்லுப்பையோ மணலையோ சட்டியில் வறுத்து, துணியில் பொட்டலமாகக் கட்டி, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, 15 நிமிடம் ஒற்றுங்கள். நொச்சியிலை, ஆமணக்கிலை வதக்கிக் கட்டுவதும் அம்மம்மாமார் செய்ததே. நீரிழிவு உள்ளவர்கள் கவனம்: தோல் மரத்திருந்தால் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகே தெரியும். இன்னொருவர் சூட்டைப் பார்த்துத் தரட்டும். இன்றைக்கு விழுந்து இன்றைக்கே வீங்கிய இடம் வேறு. அதற்குச் சூடும் உருவுதலும் வேண்டாம், முதல் இரண்டு நாள் குளிர்ந்த துணியும் ஓய்வும்தான். சித்தாலேப போன்ற பூச்சுகள் தோலில் ஓர் இதத்தைத் தருகின்றன; முடிச்சை அவிழ்ப்பது பூசும்போது தேய்க்கிற கைதான் என்பது எனது எண்ணம்.

அந்தக் கை யாருடையது என்பதே எமது பெண்களின் பிரச்சினை. சித்த மருத்துவத்தில் புறமருத்துவ முறைகள் 32 சொல்லப்படுகின்றன. அவற்றில் ஒன்று தொக்கணம். தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என்று அதிலே 9 வகை. ஒரு காலத்தில் எந்த வீட்டிலும் இது இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கு இலை அவித்த வெந்நீர் வார்த்து உடம்பைப் பிடித்துவிட ஒரு மாமியோ பெரியம்மாவோ இருந்தார். நல்லெண்ணெய் வைத்து, சீயாக்காயும் தேசிக்காயும் அவித்து முழுக வார்க்கும்போது தாயின் பெருவிரல் மகளின் பிடரியில் தானாகவே போய் நின்றது. இடப்பெயர்வு அந்த வீடுகளைக் கலைத்தது. தாய் ஓர் ஊரில், மகள் கனடாவில், மாமி மண்ணில். “ஆர் பிள்ளை எனக்குப் பிடிச்சு விடுறது?” என்று ஒரு அக்கா கேட்டபோது அது கேள்வியாகவே இருக்கவில்லை.

சமூகவியல் படித்தவள் என்ற முறையில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. கணவனை இழந்த பெண்ணிடமிருந்து நாம் பூவையும் பொட்டையும் மட்டும் எடுக்கவில்லை, தொடுகையையும் எடுத்துவிட்டோம். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவளை யாரும் அணைப்பதில்லை. மங்கல காரியங்களில் ஒதுங்கி நிற்கிறாள். பல வருடங்களாக வேறொரு மனிதக் கை படாத தோள்கள் எமது ஊரில் இருக்கின்றன. கணவன் உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத பெண்ணுக்கு இன்னும் கடினம். அவள் அழுதாலும் ஒரு பேச்சு, சிரித்தாலும் ஒரு பேச்சு.

இதற்காகத்தான் சில மாதர் குழுக்களில் கூட்டம் முடிந்ததும் இருவர் இருவராக ஒருவருக்கொருவர் தோள் பிடித்துவிடும் பழக்கத்தைத் தொடங்கினோம். முதல் நாள் ஒரே சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. ஒருவர் கதிரையில் மறுபக்கமாகத் திரும்பி, சாய்மானத்தில் கையையும் நெற்றியையும் வைத்து இருப்பார். மற்றவர் பின்னால் நின்று, உடுப்பின் மேலாகவே, தோளிலும் மேல்முதுகிலும் உள்ளங்கையால் பிசைந்து, பெருவிரலால் அழுத்துவார். ஐந்து நிமிடம். பிறகு ஆள் மாறும். இதில் விட்டுக்கொடுக்காத விதி ஒன்றுண்டு. தொடுவதற்கு முன் கேட்க வேண்டும். “போதும்” என்றால் அந்தக் கணமே கையை எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. தொடுகையினாலேயே துன்பப்பட்டவர்களும் எங்களுக்குள் இருக்கலாம். விரும்பாதவர் தன் தோளைத் தானே பிடிக்கட்டும், அல்லது பக்கத்தில் பேசிக்கொண்டு இருக்கட்டும். நடுவில் ஒருவர் அழத் தொடங்கினால் பதற வேண்டாம். தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் இருங்கள். காரணம் விசாரிப்பதற்கு அது நேரமல்ல.

தோளை அவிழ்த்துவிட்டு மறுநாள் அதே மாதிரி வேலை செய்தால் முடிச்சு திரும்பி வரும். தோட்டத்தில் அரை மணிக்கொருமுறை எழும்பி, கையை நாரியில் வைத்துப் பின்னால் வளைந்து இரண்டு மூச்சு விடுங்கள். ஒரு பெரிய வாளிக்குப் பதிலாக இரண்டு சிறிய வாளியை இரு கையிலும் தூக்குங்கள். தையல் மெசினுக்குப் பலகைக் கதிரை பதிவாக இருந்தால் ஒரு தலையணையை மடித்துப் போட்டு உயர்த்துங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு வந்தால் தோள் இறங்கும். மெசின் உள்ள வீட்டில் பிளேன்ரீ குடிப்பதென்றால் எழும்பிப் போய்க் குடிப்பது என்று ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பனடோல் பற்றிக் கேட்டவர்களுக்கு: 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் 8 க்கு மேல் போகவே கூடாது. அதுவும் இடையிடையே தேவைப்படும்போது மட்டும், மாதக்கணக்காக அல்ல. ஈரல் நோய் உள்ளவர்களும் உடம்பு மெலிந்தவர்களும் வைத்தியரிடம் அளவு கேட்க வேண்டும். பார்மசியில் ‘நோக்குளிசை’ என்று கேட்டு வாங்கும் டைக்ளோபெனாக் வகைகள் வேறு. வெறும் வயிற்றில் தொடர்ந்து போட்டால் இரைப்பைப் புண் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். பிரஷர், நீரிழிவு உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம்.

எல்லா நோவும் முடிச்சல்ல. காலில் பெலன் குறைவது, மலசலம் கட்டுப்படாமல் போவது, இரு தொடைக்கும் நடுவில் விறைப்பது, காய்ச்சலோடு அல்லது உடம்பு மெலிவதோடு வரும் முதுகு நோ, நெஞ்சு இறுகி வியர்வையோடு இடது கைக்கோ தாடைக்கோ ஓடும் நோ, ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக நோவது. இவற்றில் ஏதாவது என்றால் எண்ணெயைத் தூக்கி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பிணிகள் வயிற்றையும் நாரியையும் அழுத்த விடக் கூடாது.

எமக்கே உரிய இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உடம்பில் செல்துண்டு இருப்பவர்கள் அந்த இடத்தை ஒருபோதும் அழுத்தவோ உருவவோ விடாதீர்கள். நரம்புக்கோ இரத்தக் குழாய்க்கோ பக்கத்தில் கிடக்கும் துண்டு சத்தமில்லாமல் பல வருடம் இருக்கலாம். துண்டு எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் பழைய எக்ஸ்ரே படத்தை எறிந்துவிடாமல் வையுங்கள். வைத்தியரிடமும், முறிவு நெரிவு பார்ப்பவரிடமும், தோள் பிடித்துவிடும் தோழியிடமும் முதலில் அதைச் சொல்லுங்கள். காந்த அலையால் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்துக்கு அனுப்பினால் அங்கேயும் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சில வாரம் செய்தும் குறையாவிட்டால் யாழ் போதனா வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்குக் கடிதம் தரும்படி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். தொக்கணமும் எண்ணெய் மருத்துவமும் விரும்புபவர்களுக்குக் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. நோவோடு நித்திரையின்மையும், எதிலும் விருப்பமின்மையும், வாழ்ந்து என்ன என்ற நினைப்பும் சேர்ந்திருந்தால் அதை மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லி உளநலப் பிரிவுக்குப் போகலாம். தெல்லிப்பழையிலும் அந்த வசதி உண்டு. தனியே போகத் தயக்கமென்றால் உங்கள் பகுதிப் பணியாளரைக் கூட்டிச் செல்லுங்கள்.

நித்திரை வராத இரவுகளைப் பற்றிச் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அது அடுத்த இதழில்.